கோடியக்கரையா, பழவேற்காடா? தை மாதத்தில் கேமராவோடு எங்கே போகலாம்?

சென்னையில் இருந்துகொண்டு வலசைப் பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் உடனே நினைவுக்கு வரும். வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கோடியக்கரை. இரண்டிலும் பூநாரை (ஃபிளமிங்கோ) உண்டு, இரண்டிலும் சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவையான உள்ளானின் கூட்டம் உண்டு. பழவேற்காடு பக்கத்திலேயே இருப்பதால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பல பனிக்காலங்கள் இரண்டுக்கும் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பூநாரைதான் குறி என்றால் பழவேற்காடு. கரைப்பறவைகளைக் கிட்டத்தில் பார்த்துப் பழக வேண்டுமென்றால் கோடியக்கரைதான்.

பழவேற்காடு என்றதும் நேராக ஊருக்குள் போய்ப் படகுத்துறையில் நிற்பவர்கள்தான் அதிகம். படகை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2011 டிசம்பரில் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதோடு, படகு நெருங்கினால் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும். அந்தப் பறக்கும் படத்துக்காகவே படகை விரட்டச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கொதிக்கும். இரை தேடும் நேரத்தில் பறவையைக் கிளப்பிவிடுவது அதன் சோற்றில் கைவைப்பதுதான்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. படமெடுக்க நல்ல இடமும் அங்கேதான்: சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலை. சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை வரை மின்சார ரயிலிலேயே போய்விடலாம். சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே நகர்வதால், சாலையின் வடபுறத் தண்ணீரில் நிற்கும் பறவைகள்மீது அனேகமாக நாள் முழுக்க நேர்வெளிச்சம் விழும். தென்புறப் பறவைகள் கறுத்த நிழலுருவாகத்தான் கிடைக்கும். முதல் இரண்டு பயணங்களிலும் இது தெரியாமல் தென்புறமே நின்று, இளஞ்சிவப்பே இல்லாத பூநாரைப் படங்களோடு திரும்பினேன். வெண்மை வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை) முக்கால் ஸ்டாப் வரை குறைத்துக்கொள்வது என் வழக்கம். வண்டியை ஓரமாக நிறுத்தி உள்ளிருந்தபடியே எடுத்தால் பறவைகள் அஞ்சுவதில்லை. விண்வெளி மையத்தின் வாயிலை நெருங்கும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இந்தச் சாலையின் குறை தூரம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பரில் ஏரி நிரம்பிக் கிடக்கும், பூநாரைகள் எங்கோ ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் நெளிய ஆரம்பித்துவிட்டால் 600 மி.மீ. லென்ஸ் இருந்தும் பயனில்லை, படத்தில் பறவையின் கண்ணே கூர்மையாக விழாது. தண்ணீர் வற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் விடியற்காலையிலேயே போய்விடுவது நல்லது.

கோடியக்கரையில் கதை வேறு. கடற்கரை இங்கே தெற்கு நோக்கி வந்து சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்குப் பின்னால் வேதாரண்யம் சதுப்பு பரந்து கிடக்கிறது, அதை ஒட்டி உப்பளங்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்தது பக்கத்து வேதாரண்யத்தில்தான். கடல்நீரைத் தேக்கிவைக்கும் உப்பளப் பரப்புகளில்தான் உள்ளான்கள் குவியும். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வரப்போரம் குப்புறப் படுத்துவிட்டால், கால் மணி நேரத்தில் நம்மை மறந்து அவையே அருகில் வரும். 400 மி.மீ. லென்ஸே போதும்.

சதுப்பில் தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும் காற்றும். கடல் ஏற்றவற்றம் இந்தக் கரையில் குறைவு. பூநாரை முழங்கால் ஆழத்திலும் நின்று மேயும். ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கோ விரல் நனையும் சேறுதான் வேண்டும். அதனால் மழை கொட்டித் தீர்த்த வாரத்தில் போனால் ஏமாற்றம்தான். நீர் வடிந்து சேறு தெரியத் தொடங்கியதும் போனால், ஒரே பார்வையில் நான்கைந்து வகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உப்புக்கொத்தி என்ற குட்டை அலகுப் பறவை ஓடும், நிற்கும், கொத்தும். உள்ளான் தலை நிமிராமல், நாற்று நடுகிறவர் கைபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். கோட்டான் (ஆந்தை அல்ல, அதே பெயருள்ள பெரிய கரைப்பறவை) தன் நீண்ட வளைந்த அலகை வளைக்குள் விட்டு நண்டை இழுத்தெடுக்கும். நிறத்தை வைத்து அடையாளம் காணத் திணறுகிறவர்களுக்கு இந்த நடையே போதும்.

மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வலசையை ஆராயும் இடமும் இதுதான். பறவையின் காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், அழகான கோணத்தை விட்டுவிட்டு எழுத்து படிக்கும்படி ஒரு படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு படம் ஆயிரம் அழகுப் படங்களுக்குச் சமம். உலர் பசுமைமாறாக் காட்டை ஒட்டிய புல்வெளியில் வெளிமான் பார்க்கலாம், ஐப்பசியில் காட்டுக்குள் ஆறுமணிக் குருவியும் கண்ணில் படலாம். சரணாலயத்துக்குள் போக வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

தூரம் பெரிய தடைதான். சென்னையிலிருந்து ஒரு இரவுப் பயணம், குறைந்தது இரண்டு நாள் விடுப்பு. அது முடியாதவர்கள் 2022இல் ராம்சார் தகுதி (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ஏற்பு) பெற்ற, சென்னையிலேயே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பில் பழகிக்கொள்ளலாம், ஆனால் வண்டி இரைச்சலையும் குப்பைமேட்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு ஒரே ஒரு பயணம்தான் வாய்க்கும் என்றால் என் தேர்வு கோடியக்கரை, அதுவும் கொஞ்சம் தாமதமாக. எல்லோரும் மூட்டை கட்டிய பிறகு பங்குனிக் கடைசியில் போனால், மார்கழியில் சாம்பலாய்த் தெரிந்த வளைமூக்கு உள்ளான்களின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கும். சைபீரியாவுக்குக் கிளம்ப அவை தயாராகிக்கொண்டிருக்கும்.