இரண்டாவது அழைப்புக்கு எந்த போன் ஒலிக்கும்?

நேரமும் இடமும் பார்த்துத் தானே அடங்கிக்கொள்ளும் போன்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. ஆப்பிள் 2021இல் ஐஓஎஸ் 15உடன் ‘ஃபோகஸ்’ கொண்டுவந்தது. சாம்சங்கில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’. கூகுளின் பிக்சல் போனைக் கவிழ்த்து வைத்தாலே சத்தம் அடங்கும்படி செய்யலாம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து வீடுகளுக்கு இவற்றில் எது சரிப்படும் என்பதுதான் என் கேள்வி.

இங்கே மீன்பிடி விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள்தான் கரை திரும்பும். டவர் கிடைத்ததும் படகிலிருந்து வீட்டுக்கோ வியாபாரிக்கோ போன் வரும். அது விடியற்காலை மூன்று மணியாகவும் இருக்கலாம். தூக்க நேரம் என்று போன் வாயை மூடிக்கொள்கிற வேளை அது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது: அதே ஆள் மறுபடி அழைத்தால் ஒலிக்கவிடலாம். ஐபோனில் அந்த மறு அழைப்பு 3 நிமிடத்துக்குள் வர வேண்டும். ஆண்ட்ராய்டில் 15 நிமிடம். ஊருக்குள் இருந்து கூப்பிடுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. கடலில் ஒரு ரிங் போய் கட்டாகி, மறுபடி டவர் பிடிக்கப் பத்து நிமிடம் ஆகலாம். அப்போது ஐபோன் அதைப் புது அழைப்பாக எடுத்துக்கொண்டு அடக்கிவிடும்; சாம்சங்கும் பிக்சலும் ஒலிக்கும். படகுக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும், ஆண்ட்ராய்டு பக்கம் சாய.

அடங்கியிருக்கும்போதும் ஒலிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலில் எண்ணைச் சேர்த்தால் ஐபோனும் ஒலிக்குமே என்றால், சரி, ஒலிக்கும். ஆனால் படகில் இருப்பவர் போனில் சார்ஜ் தீர்ந்து, கூட வந்தவர் போனிலிருந்து பேசினால்? எந்த போனாக இருந்தாலும் படகில் போகும் எல்லோருடைய எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சிக்கல் நேர்மாறு. அந்த இரைச்சலில் ரிங் காதில் விழாது. ஃபோகஸின் வேலை அடக்குவது. சாம்சங் ரொட்டீனிலோ, இந்த இடத்துக்கு வந்தால் ரிங் சத்தத்தைக் கூட்டு என்றே சொல்லி வைக்கலாம். வியாபாரிகளுக்கு இது நல்ல வசதி.

பிக்சலின் கவிழ்ப்பு வசதி தொழுகையிலும் பூசையிலும் உதவும். அதற்கு மேல் இங்கே அதற்கு வேலையில்லை.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகின்றன. அந்த ராத்திரிகளை விட்டுவிட்டு மற்ற நாட்களுக்குத் தூக்க நேரம் வைக்க ஐபோன், சாம்சங் இரண்டிலும் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் எந்த போனுக்கும் தானாகத் தெரியாது. அதை நாம்தான் மாற்றி வைக்க வேண்டும்.