படம் ஏற்றுவதா, மெய்ப்புப் பார்ப்பதா?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய படங்களின் இணையச் சேமிப்பான விக்கிமீடியா பொதுவகத்துக்குப் படம் எடுக்கலாம். இல்லையேல் பழைய நூல்களை இணையத்தில் எழுத்தாக்கித் தரும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம், அதாவது ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தலாம்.

படத்துக்கு போன் போதும். அல்சூர் ஏரி அருகே 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலையைத் தாராளமாக ஏற்றலாம்; பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. சுவரோவியத்துக்கு அது இல்லை, ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும் அதே கதிதான்.

மெய்ப்புக்கு லேப்டாப் நல்லது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் ஸ்கேன். ஸ்கேனை எழுத்தாக்கும் மென்பொருளான எழுத்துணரி 'கால்' என்பதைக் 'கரல்' என்று படித்து வைத்திருக்கும். வரி முடிவில் உடைந்த சொற்களை ஒட்ட வேண்டும். பழைய எழுத்துநடையில் கைவைக்கக் கூடாது. நூலில் உள்ளபடியே இருக்கட்டும். முடித்து, மெய்ப்புப் பார்த்த நிலையைத் தேர்ந்து சேமித்தால் பக்கத்தின் நிலைக்குறி மஞ்சளாகும். பச்சையாக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

தமிழ் வாசிப்பு விட்டுப்போகிறதே என்று புலம்பும் பெங்களூர்க்காரருக்கு மெய்ப்பே மேல்.