ஓவன் கதவுக் கண்ணாடியில் காய்ந்த எண்ணெய்க் கறை: எது போக்கும், எது கண்ணாடியைக் கெடுக்கும்

கேக், தேங்காய் பன், பிஸ்கட் என்று மட்டும் செய்கிற வீட்டில் ஓவன் கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் அழுக்காகாது. கோழி, பன்னீர் என்று கிரில் போட ஆரம்பித்த பிறகுதான் உள்பக்கம் தேன் நிறத்தில் புள்ளி விழும். துடைக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சூடேற்றினால் அந்தப் புள்ளி பழுத்து, கறுத்து, வார்னிஷ் பூசியது மாதிரி ஒட்டிக்கொள்ளும். வார்னிஷ் காயும்போது நடப்பதும் இதேதான். எண்ணெய் காற்றோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுகிறது. பாத்திர சோப்பு இளகின எண்ணெயைத் தூக்கும், இறுகினதை அசைக்காது. ஸ்பாஞ்ச் எடுத்து அரை மணி நேரம் தேய்த்தும் வரவில்லையே என்று சலித்துக்கொள்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த எண்ணெய் என்பதிலும் வித்தியாசம் உண்டு. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் இறுகும், கெட்டியாகவும் இறுகும். கடலை எண்ணெய் அதற்கு அடுத்தது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது லேசில் பின்னாது. காங்கேயம் செக்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுட்ட கோழியின் தெறிப்பு, கறுப்பதற்குள் துடைத்தால் வெறும் சோப்புத் தண்ணீரிலேயே வந்துவிடும். நாட்டுச் சர்க்கரைப் பாகு தெறித்த கறை வேறு ரகம். வெந்நீரில் நனைத்த துணியைச் சித்த நேரம் ஒட்டவைத்தாலே பெரும்பாலும் ஊறி வந்துவிடும்.

இறுகின எண்ணெய்க்கு நீண்ட நாள் பயன்பாட்டில் நம்பக்கூடியது ஆப்ப சோடாதான். அரை கப் சோடா, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடி கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் கதவைப் படுக்கையாகத் திறந்து, கறையின்மேல் காசு கனத்துக்குப் பூசுங்கள். சட்டத்திலும் ரப்பர் சீலிலும் படவேண்டாம். ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின் ஓவன்) வகைகளில் சட்டம் பெரும்பாலும் அலுமினியம். சோடா நெடுநேரம் பட்டால் அது கறுக்கும்.

பலர் சோடா வேலை செய்யவில்லை என்று சொல்வதற்குக் காரணம், பூசின பசை காய்ந்துபோவதுதான். காரம் ஈரம் இருக்கும் வரைக்கும்தான் கொழுப்பைப் பிடிக்கும். காய்ந்த சோடா வெறும் பொடி. கோவை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னலோரம் இருக்கிற ஓவனில் பசை அரை மணியில் வெடித்துவிடும். மேலே ஒரு நனைத்த துணி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். பொழுதோடப் பூசி விடிந்ததும் எடுத்தால் போதும். பாதிக் கறை துணியோடு வரும். மிச்சத்துக்கு ஸ்கிராப்பர்.

சோடாவின்மேல் வினிகர் ஊற்றி நுரை வரவைப்பது பார்க்க நன்றாக இருக்கிறது, வேலைக்கு ஆகாது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். வினிகருக்கு இடம் உண்டு, ஆனால் கடைசியில்.

ஆப்ப சோடாவுக்கு மசியாத கறுப்புக்குச் சலவை சோடா. ஆப்ப சோடாக் கரைசலின் பிஎச் சுமார் 8.3, சலவை சோடாவுக்கு சுமார் 11. காரத்தில் அவ்வளவு தூரம். ஒரு மேசைக்கரண்டியை 250 மில்லி வெந்நீரில் கரைத்து, பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, கறையின்மேல் 20 முதல் 30 நிமிடம் போட்டுவைக்கலாம். கையுறை கட்டாயம். கடையில் கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவை எவர்சில்வர் தட்டில் மெல்லப் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அதுவே சலவை சோடாவாக மாறும்.

ஸ்கிராப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கண்ணாடி கெடுவது இங்கேதான். ஹார்டுவேர் கடையில் ஒற்றைப் பக்கப் பிளேடு மாட்டும் கண்ணாடி ஸ்கிராப்பர் கேளுங்கள். பட்டி பார்க்கிற தகடு வேண்டாம், முனை மொக்கை. பிளேடு புதிதாக, துருப் புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடி எப்போதும் சோப்புத் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். பிளேடைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, ஒரே திசையில் முன்னுக்குத் தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் பிளேடுக்கடியில் சிக்கின துகள் கோடு போட்டுவிடும். விளிம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளி அச்சையும் எழுத்துகளையும் பிளேடு சுரண்டிவிடும். அங்கே சோடாவும் துணியும் மட்டும்.

உமிக்கரி, மணல், செங்கல் பொடி, இரும்பு நார் எதுவும் கிட்டே வரக்கூடாது. நெல் உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. பித்தளை விளக்குக்கு அது அருமை. கண்ணாடியில் பார்வைக்குத் தெரியாத கீறலாக விழும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த கறை இன்னும் ஆழமாக உட்காரும். டெம்பர் செய்த, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கின கண்ணாடியில் ஆழமான கீறல் பின்னால் உடைப்புக்கும் வழி.

காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர் ஸ்பிரே எல்லாவற்றையும் விட வேகம். எனாமல் பூசின பெரிய ஓவனுக்கு, லேபிளில் சொன்ன நேரம் மட்டும் வைத்து எடுத்தால் சரி. ஓடிஜிக்கு வேண்டவே வேண்டாம். அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் காஸ்டிக் அரிக்கும்.

கறை கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்தால் கழற்றித்தான் ஆகவேண்டும். சுவரில் பதித்த ஓவனில் கதவை முழுக்கத் திறந்து, இரண்டு கீலிலும் இருக்கும் பூட்டை மேலே மடக்கி, பாதி மூடித் தூக்கினால் கதவு வரும். தனியாகத் தூக்க வேண்டாம், கனம் அதிகம். மேல் பட்டையின் இரு ஓரக் கிளிப்பை அழுத்தினால் உள்கண்ணாடி நழுவி வரும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நடுக் கண்ணாடியில் வெப்பத்தைத் திருப்பும் பூச்சு இருக்கலாம். அதில் பிளேடு வைக்கக்கூடாது, மாட்டும்போது பக்கம் மாறவும் கூடாது. மைக்ரோவேவ் கதவு மட்டும் கழற்றாதீர்கள். கதிர்வீச்சு வெளியே வராமல் தடுப்பது அந்தக் கதவின் அமைப்புதான். அதற்கு ஒரு போசியில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் ஊறவிட்டுத் துடைப்பதே போதும்.

இவ்வளவும் செய்த பிறகு, காய்ந்ததும் கண்ணாடி வெள்ளையாக மங்கித் தெரிந்தால் அது கறை இல்லை, உப்புத் தண்ணி. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் சுண்ணாம்புப் படலம் விழாமல் இருக்காது. சரிபாதி வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கடைசித் துடைப்பை நல்ல தண்ணியில் செய்யுங்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் இந்தச் சோதனையே இருக்காது. பாத்ரூம் ஆசிட் வேண்டாம். எனாமலும் இரும்பும் போய்விடும்.

வினிகருக்கும் போகாத மங்கல் என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது. பார்வைக்குத்தான் குறை, பயன்படுத்தலாம். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, விரிசல் கண்டாலோ பயன்படுத்தக்கூடாது. பதிலுக்கு ஜன்னல் கண்ணாடி வெட்டி மாட்டினால் ஓவன் சூட்டில் வெடிக்கும். டெம்பர் ஆன பிறகு கண்ணாடியை வெட்டவும் முடியாது, அதனால் மாடல் எண்ணைச் சொல்லி அந்தக் கம்பெனிப் பாகத்தையே வாங்குங்கள்.