கால்சியக் கதவை மூடுவதா, எண்டோதீலினை மறிப்பதா?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எழுதிக் கொடுத்தார்கள். "கால்சியத்தை மறிக்கிற குளிசையாம். அப்ப நெத்தலியும் பாலும் விடவேணுமோ?" என்று கேட்டார். தேவையில்லை. கருவாட்டைத்தான் குறைக்கச் சொன்னேன், அதுவும் உப்புக்காக.

சாப்பாட்டுக் கால்சியத்தோடு இந்தக் குளிசைக்குச் சண்டை இல்லை. இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைக் கலங்களின் கதவைத்தான் அது மூடுகிறது. கலத்துக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு. கதவு திறந்தால் பாய்ந்து வரும். கால்மொடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு தசையைச் சுருக்க வைக்கும். மூளையின் மயிர்க்குழாய்களில் தசை இல்லை. ஆனால் அவற்றைக் கட்டிப்பிடித்திருக்கும் பெரிசைட் கலங்களும் கால்சியம் ஏறினால் இறுக்கும். ஒரு செங்குழியம் நெருக்கியடித்துப் போகிற வழி அது. கொஞ்சம் இறுகினாலே அடைபட்டுவிடும்.

மூளை நாடி வீங்கி வெடித்தவர்களுக்குச் சில நாளில் குழாய்கள் இப்படி இறுகும். அங்கேதான் இரண்டு மருந்துகளுக்குப் போட்டி.

நிமோடிபின், பெரியம்மாவின் குளிசைக்கு உறவு. மூளைக்குள் நன்றாக நுழையும். 60 மில்லிகிராம், 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 21 நாள். நடுச்சாமத்திலும் எழுப்பிக் கொடுக்கவேண்டும். 1989 பிரித்தானிய ஆய்வில் மூளைத்திசு இறப்பு 33 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது.

கிளாசோசென்டன் மற்ற மருந்து. குழாயை இறுக்கச் சொல்லும் எண்டோதீலின் என்ற பொருள் வந்து ஒட்டும் ஏற்பியையே மறிக்கும். 2008இல் வந்த ஆய்வில் கூடிய அளவு கொடுத்தவர்களிடம், அஞ்சியோகிராமில் (இரத்தக்குழாய்களின் எக்ஸ்ரே படத்தில்) தெரிந்த நடுத்தர அல்லது கடும் இறுக்கம் 66 சதவீதத்திலிருந்து 23 ஆக விழுந்தது. படம் அபாரம்! ஆனால் 2011இன் பெரிய ஆய்வில் நோயாளிகள் தேறியதில் வித்தியாசம் இல்லை. இரத்த அழுத்தம் இறங்கியது, நுரையீரலில் நீர் சேர்ந்தது. ஆனாலும் ஜப்பான் 2022இல் அதை அனுமதித்தது.

வேடிக்கை என்னவென்றால், நிமோடிபின் அந்தப் படத்தைப் பெரிதாக மாற்றுவதே இல்லை. அஞ்சியோகிராமில் தெரிவது பெரிய குழாய்கள்தான். பெரிசைட் இறுக்குவது அதில் விழாது. நிமோடிபினின் பலனில் ஒரு பங்காவது அந்தச் சின்னக் குழாய்களில் கிடைக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். என் வாக்கு நிமோடிபினுக்கே.

பெரியம்மாவுக்கு இப்போது கணுக்கால் வீங்குகிறதாம். சிறுநாடிகள் விரிந்ததில் நீர் கசிகிறது, அம்லோடிபினுக்கு வழக்கமான குறை. குளிசையைத் தானாக நிறுத்தாமல் அடுத்த கிளினிக்கில் காலைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.