மார்த்தாண்டம் பக்கம் இன்டீரியர் பண்ணப் போறீங்களா? கிச்சனுக்கு ஓகே, ஹால் பேனலுக்கு வேண்டவே வேண்டாம்

மார்த்தாண்டத்துல இருந்து களியக்காவிளை போற ரோட்டுல இப்ப எங்க திரும்பினாலும் இன்டீரியர் கடைதான். அதுல ஒரு கடையிலதான் எங்க வீட்டு வேலை முழுக்க கொடுத்தோம், கிச்சன், ரெண்டு பெட்ரூம் வார்ட்ரோப், ஹால்ல டிவி சுவரு, சீலிங், கர்ட்டன்னு எல்லாமே. கடை பேரு போடல, ஏன்னா பாராட்டவும் போறேன் திட்டவும் போறேன், அதுவும் போக இந்த ரோட்டுல பாதி கடை இதே சாமான வச்சு இதே மாதிரிதான் வேலை செய்யுது, பேரு தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. வீடு குழித்துறை பக்கம், ஆத்துக்கு ரொம்ப தூரம் கிடையாது. ஈரம் எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஜூன்ல தென்மேற்கு மழை, அக்டோபர்ல வடகிழக்கு மழை, ரெண்டையும் வாங்குற ஊரு நம்ம ஊரு. இப்ப ஓடுற டிரெண்ட் முக்கால்வாசி ஏசி போட்ட ஷோரூமுக்குள்ள பாக்க அழகா இருக்கும், நம்ம வீட்டு சுவத்துல ஏறினா என்ன ஆகுதுன்னு ஒரு மழைக்காலம் கழிஞ்சாதான் தெரியும். எங்களுக்கு இப்ப கழிஞ்சாச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல டிசைன் காட்டுனது நெய்யாற்றின்கரைக்காரப் பொண்ணு, நல்ல விவரமான பிள்ளை, பாதி மலையாளம் பாதி தமிழ்ல "சேச்சி இது பாருங்க, சேச்சி அது பாருங்க"ன்னு டேப்லெட்ல தள்ளிக்கிட்டே இருந்துச்சு. கோடு கோடா வரி போட்ட ஃப்ளூட்டட் பேனல், பிரம்பு பின்னல் வச்ச கதவு, ஆர்ச் ஷேப்ல ஷெல்ஃப், சேஜ் கிரீன் கலரு, கைப்பிடியே இல்லாத கிச்சன், சீலிங்ல கோடு மாதிரி ஓடுற புரொஃபைல் லைட். எல்லா வீட்டுக்கும் இதே படம்தான் காட்டுவாங்க போல, எங்க சித்தி மகளுக்கு கொல்லத்துல ஒரு கடையில காட்டுனதும் இதே பச்சை இதே பிரம்புதான்.

கிச்சனை பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், காசு முக்கால்வாசி போறது அங்கதான். நம்ம ஊர்லயும் அந்தப் பக்கம் கேரளாவுலயும் ரொம்ப நாளா ஃபெரோ சிமெண்ட் ஸ்லாப்ல, அதாவது கம்பி வலை வச்சு வார்த்த மெல்லிசு சிமெண்ட் பலகையில, தட்டு அடிச்சு முன்னால அலுமினிய ஃபிரேம்ல கதவு போடுறதுதான் வழக்கம், கரையான் ஏறாது, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா உள்ள டிராயர் சேனல் பிடிக்க கஷ்டம், பாக்கவும் ஸ்கூல் லேப் மாதிரி இருக்கும். அடுத்தது மல்டிவுட், அதாவது பிவிசி போர்டு. தண்ணி, கரையான் ரெண்டுக்கும் பயப்பட வேண்டாம், அதனால கேரளாக்காரங்களுக்கு உயிரு. ஆனா ஸ்க்ரூ பிடிமானம் பிளைவுட் அளவுக்கு இருக்காது, நீளமா தட்டு வச்சு மேல பருப்பு டப்பா, அரிசி டப்பான்னு அடுக்குனா நடுவுல தொய்யும், அடுப்பு பக்கத்துல சூடும் ஆகாது. அப்புறம் மரைன் பிளை, அதாவது தண்ணி தாங்குற பிளைவுட். கடைக்காரங்க சொன்னது சிங்க் அடியில மட்டும் மல்டிவுட், பாக்கி எல்லாம் 18 எம்எம் மரைன் பிளை, கதவுக்கு மேல 1 எம்எம் லேமினேட். இது சரியான யோசனை, இதுக்காகவே அவங்களுக்கு மார்க் போடலாம். சில கடையில எல்லாத்தையும் ஒரே போர்டுல அடிச்சுத் தள்ளிடுறாங்க.

ஆனா மரைன் பிளைன்னு வாயால சொன்னா போதாது கேட்டியளா. ஷீட்டுல ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710ன்னு நம்பரும் இருக்கணும், ஐஎஸ் 303ன்னு இருந்தா அது மரைன் கிடையாது. பக்கத்துல லைசென்ஸ் நம்பர் இருக்கும், அதை ஐஎஸ்ஐ முத்திரை தர்ற பிஐஎஸ் அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்புல போட்டா எந்த கம்பெனி நம்பருன்னு காட்டும். கேரளாவுல பெரும்பாவூர்ல இருந்து லோடு லோடா பிளைவுட் நம்ம பக்கம் வருது, அதுல நல்லதும் இருக்கு, முத்திரை மட்டும் நல்லா இருக்குறதும் இருக்கு. 710 ஷீட்டுன்னா 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில கிடந்தாலும் லேயர் பிரியக்கூடாது, அதான் கணக்கு. நான் அறுத்துப் போட்ட துண்டு ஒண்ணை எடுத்துட்டு வந்து பழைய இட்லி பானையில போட்டு விறகு அடுப்புல ஒரு சனிக்கிழமை பூரா வேகவச்சேன். அம்மை வந்து மூடியைத் திறந்து பாத்துட்டு "என்னட்டீ இது, மரத்தையா அவிக்குத?"ன்னு கேட்டா. சாயங்காலம் எடுத்து ஓரத்துல நகத்தை வச்சு கீறிப் பாத்தேன், ஒரு லேயர் கூட பிரியல, கலரு மட்டும் கொஞ்சம் இறங்கி தண்ணி பால் இல்லாத கட்டஞ்சாயா மாதிரி ஆயிருந்துச்சு. 72 மணி நேரம் இல்லைதான், ஆனா மட்டமான பிளை அரை நாள்லயே வாயைப் பிளந்துரும்.

அளவு எடுக்குறதுல ஒரு விஷயம். சதுர அடி 1650 ரூபான்னு கொட்டேஷன் தந்தாங்க, அது முன்பக்கம், அதாவது கதவு தெரியுற பரப்புக்கு மட்டும் கணக்கு. இன்னொரு கடையில 1100ன்னு சொன்னாங்க, கேக்க இனிப்பா இருந்துச்சு, உள்ள விசாரிச்சா சைடு பேனல் தனி, டிராயர் தனி, கூடை தனி, சாஃப்ட் க்ளோஸ் கீல் தனி, கடைசியில கூட்டுனா ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருது. அதனால ரேட்டைக் கேக்காதீங்க, ரேட்டுக்குள்ள என்னென்ன வருதுன்னு எழுதி வாங்குங்க. ஸ்டீல் கூடைன்னா லேசுல துருப் பிடிக்காத 304 கிரேடுன்னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. குளச்சல்ல எங்க அக்கா வீட்டுல கடக்காத்துக்கு கூடை ஒரே வருஷத்துல புள்ளி புள்ளியா துருப் பிடிச்சு, தட்டு கழுவி வச்சா தட்டுல பழுப்பு வட்டம் விழுது. எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒரு பொட்டு துரு கிடையாது.

கைப்பிடி இல்லாத மாடல் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். கதவுக்கு மேல அலுமினிய பள்ளம் ஒண்ணு ஓடும், அதுல விரலை விட்டுத் திறக்கணும். நாம தேங்காய் அரைச்சு மீன்குழம்பு வைக்கிற ஆளுக, கை எப்பவும் மசாலாவும் எண்ணெயுமாத்தான் இருக்கும், அந்தப் பள்ளத்துல சேருற அழுக்கை யாரு தினமும் பல்குச்சி வச்சு நோண்டுறது? சாதா கைப்பிடியே போட்டாங்க. டிசைனர் பிள்ளைக்கு முகம் கொஞ்சம் வாடிப்போச்சு, பரவாயில்ல. மொத்தத்துல கிச்சனுக்கு 5க்கு நாலரை. அரை மார்க் ஏன் குறைச்சேன்னா, சிம்னி பைப்புக்கு சுவத்துல ஓட்டை போட்டுட்டு சுத்தி அடைக்காமப் போயிட்டாங்க, பல்லி அந்த வழியா ஜாலியா போயிட்டு வருது.

இனி ஹாலுக்கு வாறேன். டிவி சுவத்துக்கு ஃப்ளூட்டட் பேனல் போட்டாங்க. இந்தப் பேனல்ல மூணு வகை இருக்கு, எம்டிஎஃப்ல (மர நாரை அழுத்தி செஞ்ச போர்டு) செஞ்சது, டபிள்யூபிசியில (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) செஞ்சது, அப்புறம் சார்கோல் பேனல்னு சொல்லி விக்கிற பிளாஸ்டிக் சாமான். மூணும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எங்க கொட்டேஷன்ல டபிள்யூபிசின்னு தெளிவா எழுதியிருக்கு, வந்து ஒட்டுனது எம்டிஎஃப். எப்படித் தெரிஞ்சதுன்னா, அந்தச் சுவத்துக்குப் பின்னால பாத்ரூம், தினமும் தரையை மாப் போட்டு துடைக்கிறோம், மழை பிடிச்சு கொஞ்ச நாள்ல பேனல் அடியில ஒரு சாண் உயரத்துக்கு ஊறி, சாயாவுல முக்குன ரஸ்க்கு மாதிரி பொதுபொதுன்னு ஆயிருச்சு. விரலால அமுக்குனா பழுப்பு நாரா உதிருது. மேல ஒட்டியிருந்த மரக்கலர் ஃபிலிம் மட்டும் சுருண்டு தனியா நிக்குது. நல்ல டபிள்யூபிசி இப்படி ஊறாது. போன் பண்ணி சொன்னா, "சேச்சி சுவத்துல லீக்கு இருக்கு, அது சிவில் வேலை, எங்க பொறுப்பில்ல"ங்குறாங்க. சுவத்துல ஈரம் இருக்கா இல்லையான்னு அளந்து பாத்துட்டு ஒட்ட வேண்டியது யாரு வேலை? அதுக்கு மீட்டர் இருக்கு, நல்ல பெயிண்டர் கையில எல்லாம் வச்சிருக்கான். பத்து வருஷ வாரண்டின்னு பேப்பர்ல இருக்கே, அது பிளைவுட் கம்பெனி தர்ற வாரண்டி மட்டும்தான், ஒட்டுன வேலைக்கு ஒண்ணும் கிடையாது. கையெழுத்து போடுறதுக்கு முன்னால வேலைக்கு எத்தனை வருஷம்னு தனியா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

பிரம்பு விஷயத்துல எனக்கு இன்னும் ரெண்டு மனசு. பெட்ரூம் வார்ட்ரோப்ல மேல் கதவு ரெண்டுக்கு பிரம்பு வலை வச்சோம், காத்து உள்ள போகுது, துணி மக்கின நாத்தம் அடிக்கல, அது உண்மையிலயே நல்லா இருக்கு. ஆனா ஈரக்காத்து அடிச்சா வலை தளர்ந்து தொங்குது, வெயில் வந்தா திரும்ப இறுகுது, ஆடி மாசம் பின்பக்கம் வெள்ளையா பூசணமும் பிடிச்சுது. துணியால துடைச்சு வெயில் காட்டுனா சரியாகுது. அதுக்குப் பொறுமை இருக்குறவங்க போடலாம், இல்லன்னா பிளாஸ்டிக் பிரம்பு கிடைக்குது, தொட்டுப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும். வேலை செஞ்ச ஆசாரி அண்ணன் சொன்னது வேற, "நல்ல அயினி பலகை கிடைக்கும்போது எதுக்கு இந்த சல்லடை?" அவருக்கு அயினியையும் பலாவையும் விட்டா மத்த எதுவும் மரமே கிடையாது.

மரம்னதும் ஞாபகம் வருது, டைனிங் டேபிளை மட்டும் இந்தக் கடையில வாங்கல. ரப்பர் மரத்துல செஞ்சது ஒண்ணு குலசேகரம் பக்கம் வாங்கினோம். பால் வடியுறது குறைஞ்சு ஒரு 25, 30 வருஷத்துல வெட்டுற மரம்தானே, முன்னால எல்லாம் விறகுக்குத்தான் போகும், இப்ப துண்டு துண்டா கோர்த்து ஒட்டி பலகையாக்கி டேபிள் செய்யுறாங்க. வெளிர் நிறம், இப்ப ஓடுற டிரெண்டுக்கு அச்சா பொருந்துது. அறுத்த உடனே போரான் மருந்து ஏத்தி சூளையில உலர்த்தினதான்னு மட்டும் கேளுங்க, இல்லன்னா வண்டு துளைச்சு காலுக்கடியில மாவு கொட்டும். இந்த டேபிளை கண்ணை மூடிட்டு சொல்லுவேன், வாங்குங்க.

கர்ட்டனுக்கு கடைக்காரங்க காட்டுன பாலியஸ்டர் எனக்குப் பிடிக்கல. திருவனந்தபுரம் போற வழியில உள்ள பாலராமபுரம் இங்க இருந்து எவ்வளவு தூரம், பஸ் ஏறுனா போயிரலாம், அங்க கைத்தறித் துணி எடுத்து இங்க தைக்கக் கொடுத்தோம். அந்த ஊர்ல தறி போட்ட சாலியக் குடும்பங்க (நெசவுக்காரங்க) திருவிதாங்கூர் ராஜா காலத்துல நம்ம பக்கத்துல இருந்து போனவங்கதான், அப்போ அது நம்ம சாமான்னே வச்சுக்கலாம். வெயில் அதுவழியா வடிகட்டி விழும்போது ஹால் தனி அழகு. துவைச்சா கொஞ்சம் சுருங்கும், அதனால தைக்குறதுக்கு முன்னால ஒரு தடவை நனைச்சுப் போட்டிருங்க.

சீலிங் பத்தி பெருசா ஒண்ணுமில்ல, ஜிப்சம்தான், வேலை சுத்தம். லைட்டு மட்டும் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் கேட்டு வாங்குங்க, பழைய டியூப்லைட் வெள்ளை 6500ல பிரம்பு மரம் எல்லாம் பிணம் மாதிரி தெரியும். கிச்சன் மேடைக்கு மட்டும் 4000 வைங்க, மீன் ஆயும்போது செதில் தெரியணும்ல.

தரைக்கு மேட் ஃபினிஷ் டைல், சிமெண்ட் லுக்குன்னு ஒண்ணு காட்டுனாங்க, நாங்க தரையைத் தொடவே இல்ல, அப்பா காலத்துல போட்ட சிவப்பு ஆக்சைடு தரை இன்னும் கண்ணாடி மாதிரி கிடக்கு. தக்கலைக்குப் போய் பத்மநாபபுரம் அரண்மனைல அந்தக் கறுப்புத் தரையைப் பாத்தவங்களுக்கு டைல் கடைக்காரன் பேச்சு எல்லாம் காதுல ஏறாது. தேங்காச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேத்து செஞ்சதுன்னு சொல்லுவாங்க, இத்தனை பேரு மிதிச்சும் முகம் தெரியுது.

அப்போ என்ன பண்ணலாம்னு கேட்டா, கிச்சன், வார்ட்ரோப் ரெண்டும் இவங்க மாதிரி கடையில கொடுங்க, சொன்ன நாளைவிட மூணு வாரம் லேட்டானாலும் வேலை ஒழுங்கா முடிக்கிறாங்க. சுவத்துல ஒட்டுற எதையும் கொடுக்காதீங்க, கொடுத்தா சாமான் இறங்குற அன்னைக்கு ஒரு துண்டு அறுத்து பக்கெட் தண்ணியில போட்டு மறுநாள் பாத்துட்டு ஒட்ட விடுங்க. காசு 50 முன்னால, 40 சாமான் இறங்குனதும், பாக்கி 10 வேலை முடிஞ்ச பிறகுன்னு பேசியிருந்தோம். அந்த 10 சதவீதம் இன்னும் எங்க கையிலதான் இருக்கு, பேனலை மாத்தினாதான் கிடைக்கும்னு சொல்லிட்டேன். ஓணம் லீவு முடிஞ்சு ஆள் அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க, எந்த வருஷத்து ஓணம்னு நான் கேக்கல.