பழைய கார் கட்டியா, புது கார் தகரமா? இரண்டையும் ஓட்டுகிறவனின் புலம்பல்

"பழைய வண்டி ஒன்னு நல்ல நிலைமையில வருது, வாங்கட்டுமா?" என்று நண்பன் கேட்டான். அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். "அந்தக் காலத்து இரும்புடா. இடிச்சா எதிர்ல வர்றவன்தான் காலி. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா" என்று கூடவே ஒன்று சொன்னான் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கத்து செடான். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எதுவும் கிடையாது. இன்னொன்று சில வருடங்களாக ஓட்டும் புது வண்டி. ஆறு ஏர்பேக், இஎஸ்சி (வண்டி சறுக்கினால் தானே நேராக்குவது), தானே பிரேக் பிடிக்கும் வசதி என்று எல்லாம் உண்டு. எந்த மாடல் என்று கேட்காதீர்கள், பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும்.

முதலில் அந்தக் 'கட்டி' விஷயம். முன்பக்கம் நசுங்காத வண்டிதான் பலமான வண்டி என்று நினைக்கிறோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற உடம்பு எப்படியும் நின்றாக வேண்டும். அரை மீட்டர் தூரத்தில் நின்றால், உடம்பு தாங்க வேண்டிய விசை சராசரியாக அதன் எடையைப் போல் 20 மடங்கு. பத்தே சென்டிமீட்டரில் நின்றால் நூறு மடங்கை ஒட்டி வரும். அந்த அரை மீட்டரைக் கொடுப்பது நசுங்குகிற பானெட். அதாவது நீங்கள் கேலி செய்கிற தகரம். முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவில் ஆள் உட்காரும் கூடு மட்டும் கலையாமல் இருக்கட்டும் என்ற யோசனைக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனி 1951லேயே காப்புரிமை கேட்டுவிட்டார். 1959ல் அது விற்பனைக்கு வந்த காரில் இருந்தது. வால்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் வந்ததும் அதே 1959ல்தான்.

அதே வருடத்து செவ்ரோலே பெல் ஏர் ஒன்றை 2009ல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் சோதனை அமைப்பு) ஒரு 2009 செவ்ரோலே மாலிபுவோடு நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் மணிக்கு 40 மைல் வேகம், எடையும் ஏறத்தாழ சமம். பெல் ஏரின் முன்கண்ணாடி முழுதாகக் கழன்று போனது. ஓட்டுநர் பக்கத்து முன் தூண் மடிந்தது. டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும், ஓட்டுநருக்குப் பதிலாக உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் மேல் வந்து ஏறின. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சின்ன அடி பட்டிருக்கலாம், அவ்வளவுதான். "பழைய வண்டியில எஞ்சினை எடுத்துட்டு மோத விட்டுட்டாங்க" என்று இன்னும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. எஞ்சின் இருந்தது.

ஐம்பது வருட இடைவெளி, அதனால் அப்படி என்பவர்களுக்கு இன்னொன்று. 2017ல் ஆஸ்திரேலியாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான ஆன்கேப், 1998 மாடல் டொயோட்டா கொரோலாவையும் 2015 மாடலையும் மணிக்கு 64 கி.மீ.யில் மோதவிட்டது. பாதுகாப்புக்கு 16 மதிப்பெண்ணில் புதியது எடுத்தது 12.93. பழையது 0.40. ஏட்டுப்பிழை இல்லை, அரைக்கும் கீழே.

சோதனைக்கூடம் எதற்கு, என் வண்டியையே சொல்கிறேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கதவின் உட்பலகையைக் கழற்றினோம். உள்ளே கண்ணாடி, அது ஓடும் தண்டவாளம், தூசி. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவில் வெற்றிடம். குறுக்கே ஒரு இரும்புக் குழாய்கூட இல்லை. சாத்தினால் 'டொம்' என்று கேட்கிற அந்தக் கம்பீரமான சத்தம் இதிலிருந்துதான் வருகிறது. ஹெட்ரெஸ்ட் என் கழுத்தோடு முடிந்துவிடுகிறது. பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் தலை அதன் மேலாக மடங்கும். புது வண்டியின் பெல்ட் மோதல் நடந்த நொடியின் ஒரு துணுக்கில் சின்ன வெடி வைத்துத் தன்னை இறுக்கிக்கொண்டு, பிறகு நெஞ்செலும்பு முறியாதபடி கொஞ்சம் விட்டும் கொடுக்கும். பழையதில் பெல்ட் என்றால் ஒரு நாடா. முப்பது வருட வெயில் பட்ட நாடா.

ஆக, புது வண்டிதான் பாதுகாப்பு. சந்தேகமே இல்லை. மழையில் வளைவு ஒன்றில் நாய்க்காக ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினேன். டேஷ்போர்டில் இஎஸ்சியின் மஞ்சள் விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது, வண்டி தன் பாட்டுக்கு நேராகிவிட்டது. பழையதாக இருந்தால் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் கிடந்திருக்கும்.

இப்போது என் எரிச்சல். அந்த முன் தூண். ஏ-பில்லர் என்பார்களே, முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் சாய்ந்து நிற்பது.

பழைய வண்டியில் அது மூன்று விரல் தடிமன். இருப்பதே தெரியாது. புதியதில் என் உள்ளங்கையைவிட அகலம், போதாததற்கு அதன் காலடியில் பக்கக் கண்ணாடியின் பெரிய காது வேறு. வண்டியை மெதுவாகத் திருப்பும்போது பாருங்கள்: சாலையைக் கடக்கிறவர் நடக்கிற வேகமும் நான் திரும்புகிற வேகமும் பொருந்திவிட்டால், அந்த ஆள் தூணுக்குப் பின்னாலேயே கூட வந்துகொண்டிருப்பார். ஒரு கணம் மறைந்து வெளியே வருவதில்லை, முழு நேரமும் மறைவுதான். கடைசியில் பானெட் பக்கத்தில் திடீரென்று ஒரு பையும் கையும் முளைக்கும். பைக் என்றால் மொத்தமாகக் காணாமல் போகும். கூண்டுக் கிளி மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

காரணம் தெரியாமல் திட்டவில்லை. பெல் ஏரில் மடிந்தது இதே தூண்தான். வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதும் இதுதான். அமெரிக்க விதிப்படி முன்பு கூரை வண்டி எடையைப் போல் ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும். 2009ல் அதைச் சாதாரண கார்களுக்கு மூன்று மடங்காக்கினார்கள். 2012ல் ஐஐஎச்எஸ் வண்டியின் மூலையில் கால்வாசி மட்டும் இடிக்கும் சோதனையைக் கொண்டுவந்தது, அதிலும் அடி வந்து சேர்வது இங்கேதான். இதற்குள்ளேயே பக்க ஜன்னலில் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக்கையும் மடித்து வைக்க வேண்டும். காற்றைக் கிழிக்கக் கண்ணாடி இன்னும் சாய வேண்டும் என்பதால் தூணும் சாய்ந்து, பார்வையில் இன்னும் அகலமாகிறது. எல்லாம் நியாயம். எல்லாம் உள்ளே இருப்பவனுக்கு நியாயம். வெளியே நடக்கிறவன் இந்தக் கணக்கில் எங்கே?

சர்வீஸில் சொன்னேன். "எல்லா வண்டியும் இப்ப அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார்கள். பின்னால் பார்க்க கேமரா இருக்கிறது. கோடு தாண்டினால் கத்துகிறது. பையை சீட்டில் வைத்தால் பெல்ட் போடச் சொல்கிறது. கண்ணெதிரே மனிதன் மறைவதற்கு மட்டும் ஒரு வழியும் இல்லை. ஐரோப்பாவின் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2020 முதல் திருப்பத்தில் குறுக்கே வரும் பாதசாரிக்கு வண்டி தானாக நிற்கிறதா என்றும் சோதிக்கிறது, நல்லது. என் வண்டிக்கு நேர் எதிரே இருப்பவர் மட்டுமே தெரியும்.

பழைய வண்டியில் ஏறினால் நான்கு பக்கமும் வெளிச்சம். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் இடைவெளி விட்டு ஓட்டுகிறேன். அதில் நான் நல்ல ஓட்டுநர். ஆனால் என் பயம் எதிரே தூங்கிக்கொண்டு வருகிற லாரிக்காரருக்குத் தெரியாதே. துரு வேறு அடியில் எவ்வளவு தின்றிருக்கிறதோ.

அதனால் நண்பனுக்கு: வாங்காதே. குழந்தைகளை ஏற்றப்போகிறாய் என்றால் யோசிக்கவே யோசிக்காதே. நான் என்னுடையதை விற்கமாட்டேன், அது வேறு கதை; தனியாக, பகலில், பக்கத்தில் போய்வர அதைத்தான் எடுக்கிறேன், எடுப்பேன். புது வண்டிக்குப் பாதுகாப்பில் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். ஆனாலும் நான் ஓட்டும் மாடலையே வாங்கட்டுமா என்றால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. ஷோரூமில் பாதுகாப்புச் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதற்கு முன் சீட்டை உன் உயரத்துக்குச் சரிசெய்து உட்கார். கூட வந்தவரை முன் மூலையைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல். ஆள் முழுதாகக் காணாமல் போனால் எழுந்து அடுத்த வண்டியைப் பார்.