மருந்துக் கோடவுனுக்கு ஒரு ஸ்டாக் மென்பொருள்: எட்டு மாத அனுபவம்

மருந்து மொத்த விநியோகத்தில் ஸ்டாக் பார்ப்பது என் வேலை. எட்டு மாதமாக ஒரு சப்ளை செயின் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் எழுதும் கோளாறுகள் இந்த வகை மென்பொருள் எதில் வேண்டுமானாலும் வரக்கூடியவை. டெமோவில் காட்டியதெல்லாம் முன்கணிப்புதான். கலர் கலராக வரைபடங்கள், அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த மருந்து எவ்வளவு போகும் என்று அம்புக்குறிகள். முதலாளி அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது, டெமோவில் அரை நிமிடம்கூடக் காட்டாத சரக்கு வரவு ஸ்கேனிங்தான்.

அதுவும் முதல் வாரம் எங்களை அழ வைத்தது. ஒரே பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), 40 பேக். ஸ்கேன் செய்து முடித்தால் திரையில் 40 பேட்ச் நிற்கிறது! மருந்துப் பெட்டியில் இருக்கும் அந்தச் சதுரக் குறியீட்டில் (டேட்டா மேட்ரிக்ஸ்) நான்கு தகவல்கள் வரிசையாக வரும்: 01 என்று தொடங்கினால் பொருள் எண், 17 என்றால் எக்ஸ்பைரி, 10 என்றால் பேட்ச், 21 என்றால் அந்தப் பேக்குக்கு மட்டுமே உரிய சீரியல். முதல் இரண்டுக்கும் நீளம் நிலையானது. பேட்ச் எண் அப்படியில்லை, 20 எழுத்து வரை எப்படியும் இருக்கலாம், அதனால் அது முடியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் வைத்திருப்பார்கள். எங்கள் ஸ்கேனர் அந்தப் பிரிப்பானை விழுங்கிவிட்டது. பேட்ச் 4471, சீரியல் 218093 என்றால், மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது 447121218093 என்ற ஒரே பேட்ச். சீரியல் பேக்குக்குப் பேக் மாறுவதால் ஒவ்வொன்றும் தனி பேட்சாகிவிட்டது. உதவி மையத்தில் மூன்று நாள் "உங்கள் பக்கம்தான் பிரச்சினை" என்றார்கள். பாதி உண்மைதான், ஸ்கேனர் கையேட்டில் இருந்த ஓர் அமைப்புக் குறியீட்டைப் படிக்க வைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அதை அவர்கள்தானே முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்?

அடுத்தது முழுக்க அவர்கள் தவறு. மாதமும் ஆண்டும் மட்டும் உள்ள எக்ஸ்பைரியில் நாள் இருக்கும் இடத்தில் 00 போடுவார்கள், அதற்கு அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். 270600 என்றால் 2027 ஜூன் 30. மென்பொருள் காட்டியது மே 31. சில நிரல் மொழிகளில் "ஜூனின் பூஜ்ஜியமாவது நாள்" என்று கேட்டால் முந்தைய மாதத்தின் கடைசி நாளைத்தான் தரும், அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மாதம்தானே என்று விட முடியாது. குறைந்தது ஆறு மாத ஆயுள் இருந்தால்தான் எடுப்போம் என்கிற மருத்துவமனைகளுக்குப் போக வேண்டிய நல்ல சரக்கு, ஷார்ட் எக்ஸ்பைரி பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதம் கழித்து அப்டேட் வந்தது.

சரி, இதெல்லாம் சரியான பிறகு? உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முன்பு எது முதலில் வந்ததோ அதுதான் முதலில் வெளியே போகும். மருந்துக்கு அது சரிப்படாது, பிந்தி வரும் சரக்குக்கு முந்திய எக்ஸ்பைரி இருக்கலாம். இப்போது எது முதலில் காலாவதியாகுமோ அந்தப் பெட்டி இருக்கும் அடுக்கையே திரை சொல்கிறது, வேறு பேட்சை எடுத்தால் ஸ்கேனர் கத்துகிறது. மாதக் கடைசியில் காலாவதிச் சரக்கை ஒதுக்கும் மூலை கண்ணெதிரே சுருங்கிவிட்டது. நடுவில் ஒரு ரீகால் அறிவிப்பு வந்தது, அதாவது விற்ற பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி. முன்பெல்லாம் இன்வாய்ஸ் கட்டுகளைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தேடுவோம். இந்த முறை பேட்ச் எண்ணை அடித்ததும் யார் யாருக்கு எத்தனை போயிற்று என்ற பட்டியல் வந்துவிட்டது, டீ ஆறுவதற்குள்.

குளிர் அறை வெப்பநிலைக் கண்காணிப்பும் இதிலேயே உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மீறினால் போனுக்கு அலாரம். கதவைத் திறந்து இரண்டு பெட்டி எடுத்தாலே அலறியதால் ஆட்கள் அதை ம்யூட் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இன்சுலின் ஒரு தடவை உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது, அதனால் இது விளையாட்டில்லை. சென்சார் முனையை கிளைக்கால் (glycol) என்ற திரவம் நிரப்பிய சின்ன பாட்டிலுக்குள் வைத்த பிறகு, காற்றை விட்டுவிட்டு மருந்து இருக்கும் நிலையை ஒட்டிக் காட்டுகிறது.

அப்புறம் அந்த முன்கணிப்பு. சரக்கு தட்டுப்பாடு வந்தால் கடைக்காரர்கள் 10 வேண்டிய இடத்தில் 30 கேட்பார்கள், பாதியாவது கிடைக்கட்டுமே என்று. மென்பொருள் அந்த 30-ஐ நிஜத் தேவை என்று நம்பி, எங்களை 40 வாங்கச் சொல்கிறது. (குழந்தைகளுக்கான டயப்பரில் பி அண்ட் ஜி நிறுவனம் இதைக் கவனித்துப் பல வருடமாகிறது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆர்டர்தான் எகிறுகிறது.) கடையில் உண்மையில் விற்ற கணக்கைக் கொடுத்தால் ஒழுங்காகக் கணிக்கும் என்கிறார்கள். அந்தக் கணக்கை எந்தக் கடை கொடுக்கிறது?

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குவதாக இருந்தால், டெமோவுக்கு உங்கள் கோடவுனில் இருந்தே பத்துப் பெட்டி எடுத்துப் போங்கள், எக்ஸ்பைரியில் 00 இருப்பது ஒன்றாவது இருக்கட்டும், உங்கள் ஸ்கேனராலேயே படிக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஸ்டாக்கையும் அலாரத்தையும் மட்டும் புதுப்பித்திருக்கிறோம். முன்கணிப்பு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, முதலாளிக்குத்தான் அந்த வரைபடங்களை விட மனசில்லை.